சட்டை தலையை மூடியது: செந்தூல் இளையோர் அணியில் ஒரு சிவப்பு அட்டை

கோல் போட்ட மகிழ்ச்சியில் ஒரு பையன் ஜெர்சியைத் தூக்கி, உள்பனியனில் எழுதிய சமய வாசகத்தைக் காட்டினான்; சிவப்பு அட்டை வந்தது, பெற்றோருக்குள் சண்டையும் வந்தது. இது 2025 ஜனவரியில், கோலாலம்பூர் செந்தூலில் இயங்கும் ஓர் இளையோர் காற்பந்து அணியில் நடந்தது. அந்த அணியின் நிர்வாகக் குழுவில் நானும் இருக்கிறேன். ஆடுபவர்கள் எல்லாரும் பள்ளிப் பிள்ளைகள் என்பதால் அணி, போட்டி, ஆள் எதற்கும் பெயர் சொல்லவில்லை. நம் வட்டாரத்தில் சொந்தக் காசைப் போட்டு இப்படி அணி நடத்துபவர்கள் நிறைய பேர். இதே சிக்கல் அவர்கள் திடலுக்கும் வரலாம் என்பதால் முழுதாக எழுதி வைக்கிறேன்.

பின்னணி

அணி 17 வயதுக்கு உட்பட்டோருக்கானது. ஏறக்குறைய எல்லாரும் தமிழ்ப் பையன்கள். செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் உண்டு. மலேசிய அணிக்கு ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம் கோல் காத்த கதையைக் கேட்டே வளர்ந்த அப்பாக்கள், வாரம் தவறாமல் திடலுக்கு வருவார்கள். பையன்களில் பெரும்பாலோர் இந்துக்கள், நால்வர் கிறிஸ்துவர்கள், ஒருவன் இந்திய முஸ்லிம்.

பருவத் தொடக்கத்தில் புது ஜெர்சிகளைக் கோயிலில் வைத்துப் பூசை போட்டு வாங்கி வருவது எங்கள் வழக்கம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் பயிற்றுநர் சூடம் ஏற்றி, பையன்கள் நெற்றியில் திருநீறு பூசிவிடுவார். கிறிஸ்துவப் பையன்களும் அந்த முஸ்லிம் பையனும் அந்நேரம் தண்ணீர்ப் பெட்டிப் பக்கம் ஒதுங்கி நிற்பார்கள். யாரும் அவர்களை வற்புறுத்தியதில்லை. ஆனால் ஒருவரும் அவர்களிடம் எதுவும் கேட்டதும் இல்லை. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது தெரிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை ராத்திரி இதே பையன்கள் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகத்தில்) கூடி இங்கிலாந்து லீக் பார்ப்பார்கள். லிவர்பூல் ரசிகர்கள்தான் அதிகம். கோல் போட்டதும் முகமது சாலா தரையில் நெற்றி வைத்துத் தொழுவதை அவர்கள் ஒரு தடவைகூடக் குறையாகப் பேசிக் கேட்டதில்லை. இன்னும் சில கோல் போட்டால் நானும் முஸ்லிம்தான் என்று லிவர்பூல் ரசிகர்கள் கட்டிய பாட்டை இவர்களும் மேசையைத் தட்டிப் பாடுவார்கள். சாலா லிவர்பூலுக்கு வந்த 2017-க்குப் பிறகு, அந்த ஊர் இருக்கும் மெர்சிசைட் வட்டாரத்தில் வெறுப்புக் குற்றங்கள் 16 விழுக்காடு குறைந்ததாக ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஓர் ஆட்டக்காரரின் தொழுகையை ரசிகர்கள் பாசத்தோடு ஏற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் வேறொரு செய்தி பையன்களின் கைப்பேசிகளில் சுற்றியது. தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு ஆதரவாக அந்த லீக்கில் கேப்டன்கள் வானவில் நிறக் கைப்பட்டை அணிந்த வாரம் அது. கிறிஸ்டல் பேலஸ் கேப்டன் மார்க் கேஹி, தன் பட்டை மேல் இயேசுவை நேசிப்பதாக எழுதியிருந்தார். சமய வாசகம் கூடாது என்று இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் நினைவூட்டியது. டிசம்பர் 3-ஆம் தேதி இப்ஸ்விச்சுக்கு எதிரான ஆட்டத்தில், இயேசு உங்களை நேசிக்கிறார் என்று மறுபடி எழுதினார். அதே ஆட்டத்தில் இப்ஸ்விச் கேப்டன் சாம் மோர்சி, தன் இஸ்லாமிய நம்பிக்கையின் காரணமாக அந்தப் பட்டையை அணியவே இல்லை. இருவர் மீதும் தண்டனை எதுவும் விழவில்லை. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். எங்கள் அணியின் முன்னணி ஆட்டக்காரன் ஒருவன், 16 வயது, இதையெல்லாம் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் குடும்பம் கிறிஸ்துவத்துக்கு மாறி அதிக காலம் ஆகவில்லை. அவனுடைய தாத்தா இன்னும் இந்து. ஆட்டம் பார்க்க முதல் ஆளாக வந்து உட்காருபவரும் அவர்தான்.

ஆட்டத்தில் நடந்தது

நாக்-அவுட் போட்டியின் அரையிறுதி. முதல் பாதியில் தாமதமாகக் கால் வைத்ததற்காக அந்தப் பையன் ஒரு மஞ்சள் அட்டை வாங்கியிருந்தான். இரண்டாம் பாதியில் வலப்பக்கமிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி அவனே கோல் போட்டான். எங்களுக்கு 2-1.

குடும்பங்கள் உட்கார்ந்திருந்த மூலைக்கு ஓடினான். ஜெர்சியின் கீழ்ப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, முகத்தின் மேல் போட்டு, தலைக்குப் பின்னால் இழுத்துவிட்டு நின்றான். உள்ளே வெள்ளைப் பனியன். அதில் கறுப்பு மார்க்கரால் தமிழில், ‘இயேசு என்னோடு இருக்கிறார்’ என்று எழுதியிருந்தது. வியர்வையில் கடைசி எழுத்துகள் கலைந்து நீலம் பாய்ந்திருந்தன.

நடுவர் வந்து இரண்டாம் மஞ்சள் காட்டினார், அப்புறம் சிவப்பு. பத்துப் பேரோடு ஆடி, ஆட்டம் முடியும் நேரத்தில் ஒரு கோல் வாங்கினோம். பினால்டியில் தோற்றோம்.

அன்று இரவும் மறுநாளும்

பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அன்றிரவே காணொளி வந்துவிட்டது. ‘சாமியைத் திடலுக்குள்ள கொண்டாந்து எல்லாப் புள்ளைங்க உழைப்பையும் கெடுத்துட்டான்’ என்று ஒருவர் எழுதினார். அதுகூடத் தோல்வியின் கோபம் என்று விட்டுவிடலாம். அடுத்தடுத்து வந்தவை அப்படி இல்லை. மதம் மாறியவர்கள் இப்படித்தான் விளம்பரம் தேடுவார்கள் என்று ஒருவர் எழுத, சாலா கும்பிட்டால் கைதட்டுகிறீர்கள், எங்கள் பிள்ளை செய்தால் மட்டும் எரிகிறதா என்று எதிர்ப்பக்கம் கேட்டது. பையனின் அம்மாவைப் பற்றியும் ஒருவர் எழுதினார். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

மறுநாள் இரண்டு நெருக்கடிகள் சேர்ந்து வந்தன. ஜெர்சிக்குப் பணம் கொடுக்கும் வணிகர், அந்தப் பையனை அணியிலிருந்து எடுத்தால்தான் அடுத்த பருவத்துக்கு ஆதரவு என்றார். போட்டி ஏற்பாட்டாளரும் எழுத்தில் விளக்கம் கேட்டார். பனியன் வாசகத்தின் பொருளை மலாயில் விளக்கி அவருக்குக் காணொளி அனுப்பியவர் எங்கள் பக்கத்துப் பெற்றோரே ஒருவர் என்பது பிறகு தெரிந்தது. ஏற்பாட்டாளரின் கவலை வேறு. எதிரணியில் முஸ்லிம் பிள்ளைகள் இருந்தார்கள். முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதை மாநிலச் சட்டங்களும், கோலாலம்பூர் போன்ற கூட்டரசுப் பிரதேசங்களில் கூட்டரசுச் சட்டமும் கட்டுப்படுத்தலாம் என்று கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) பிரிவு சொல்கிறது. யாராவது புகார் கொடுத்தால் போட்டியே நின்றுவிடுமோ என்று அவர் பயந்தார். இந்த நாட்டில் வாழ்பவர்களுக்கு அந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் கண்டறிந்தவை

முதலில் நடுவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டோம். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பனியனில் என்ன எழுதியிருந்தது என்பதே எங்களிடமிருந்துதான் அவருக்குத் தெரிய வந்தது. ‘சட்டை தலையை மூடியது. அதற்குத்தான் அட்டை’ என்றார். அவ்வளவுதான்.

அவர் சொன்னது சரி. ஆட்ட விதி 12-இன்படி, கோல் கொண்டாட்டத்தில் சட்டையைக் கழற்றினாலோ சட்டையால் தலையை மூடினாலோ மஞ்சள் அட்டை கட்டாயம். கோல் செல்லாது என்று ஆகிவிட்டாலும் அட்டை நிற்கும். 2010 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஸ்பெயினின் இனியெஸ்டா சட்டையைக் கழற்றி, இறந்துபோன தன் நண்பர் டேனி ஹார்க்கேயின் பெயரை உள்சட்டையில் காட்டினார். உலகமே கண்கலங்கியது, மஞ்சள் அட்டையும் வந்தது. உள்ளே இயேசு இருந்தாலும் முருகன் இருந்தாலும் ஒன்றுமே எழுதாமல் இருந்தாலும் எங்கள் பையனுக்கு அதே அட்டைதான்.

வாசகத்துக்கு வேறு விதி, விதி 4. உள்ளாடையில் அரசியல், சமய, சொந்த வாசகமோ படமோ காட்டக்கூடாது. 2014-இல் இது இன்னும் இறுக்கப்பட்டது. ஆனால் அதற்கான நடவடிக்கை போட்டி ஏற்பாட்டாளர் அல்லது சங்கத்தின் கையில் இருக்கிறது. ஆக, நடந்தது ஒரு செயல். அதில் இரண்டு மீறல்கள். ஆட்டத்தைப் பாதித்த மீறலுக்கும் சமயத்துக்கும் சம்பந்தமே இல்லை. சமயத்தோடு சம்பந்தப்பட்ட மீறலோ ஆட்டத்தைத் தொடவே இல்லை. புலனக் குழுவில் இரண்டையும் ஒன்றாக்கித்தான் சண்டை போட்டார்கள்.

இன்னொன்றும் கவனித்தோம். அந்தத் திடலில் பனியனைப் படிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஆட்கள் மட்டும்தான். எதிரணிப் பெற்றோருக்கு அது ஏதோ தமிழ் எழுத்து. காயம் பட்டதும் காயப்படுத்தியதும் ஒரே வட்டத்துக்குள்.

பிறகு பையனிடம் பேசினோம். இரண்டு பேர் மட்டும் போனோம், அவன் வீட்டில், அவன் அம்மா இருக்க. ‘அங்கள், காகா செஞ்சாரு. கேஹி எழுதுனாரு. அவங்களை யாரும் டீமை விட்டு எடுக்கலையே’ என்றான். 2007 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் ஏதென்ஸில் முடிந்ததும், ஏசி மிலானின் காகா ‘நான் இயேசுவுக்குச் சொந்தம்’ என்ற பனியனோடு முழங்காலிட்ட படத்தைக் கைப்பேசியில் வைத்திருந்தான். அவன் பிறப்பதற்கு முன்னால் எடுத்த படம். ஆட்டம் முடிந்த பிறகு நடந்தது அது என்பதை அவன் யோசித்திருக்கவில்லை. கேஹியைப் பலர் திட்டினார்கள், சங்கமும் நினைவூட்டியது என்று சொன்னோம். கேட்டுக்கொண்டான். அப்புறம் அவன் சொன்னது எங்கள் விசாரணையின் திசையையே மாற்றியது: ‘திருநீறு பூசிட்டு ஆடுறாங்கல்ல, அதுவும் சாமிதானே அங்கள்?’

அவனுக்குத் திருநீறு மேல் கோபம் இல்லை. அவன் தாத்தா வீட்டில் பூசி வளர்ந்த பையன். அணியில் சமயம் ஏற்கெனவே இருந்தது, தனக்கு மட்டும் அதில் இடமில்லை என்பதுதான் அவன் பார்வை. எங்கள் பக்கத்தில் பெரும்பாலோருக்குத் திருநீறு ‘வழக்கம்’, பனியன் ‘மதம்’. இப்படிப் பிரித்துப் பார்ப்பது பெரும்பான்மையாக இருப்பவர்களுக்கு எளிதாக வந்துவிடுகிறது. மலாய்ப் பெரும்பான்மை உள்ள நாட்டில் சிறுபான்மையாக வாழும் நமக்கு இது மற்றவர்களைவிட வேகமாகப் புரிந்திருக்க வேண்டும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பையனை எடுக்கவில்லை. சிவப்பு அட்டைக்கான ஓர் ஆட்டத் தடை அவனுக்கு உண்டு, அதோடு சரி என்று முடிவு செய்தோம். நம்பிக்கைக்காக ஒரு பிள்ளையை வெளியே அனுப்பினால், அடுத்து வெளியே போவது யார் என்று மற்ற மூன்று கிறிஸ்துவப் பையன்களும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வணிகரிடம் நேரில் போய் இதைச் சொன்னோம். வாக்குவாதம் செய்யவில்லை, நடுவர் சொன்னதையும் விதியையும் காட்டினோம். யோசிக்கிறேன் என்றார்.

புலனக் குழுவைக் கலைக்கச் சொல்லி சிலர் கேட்டார்கள். கலைத்தால் பேச்சு வேறு குழுக்களுக்குப் போகும், அங்கே பதில் சொல்ல நாங்கள் இருக்கமாட்டோம். நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி சில நாள் பூட்டி வைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் பேசினோம். எழுத்தில் காரசாரமாக இருந்தவர்கள் குரலில் அப்படி இல்லை. அம்மாவைப் பற்றி எழுதியவரை மட்டும் நேரில் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டால்தான் குழுவில் இருக்கலாம் என்றோம்.

ஏற்பாட்டாளருக்குத் தந்த விளக்கத்தில் எதையும் மழுப்பவில்லை. வாசகம் விதி 4-க்கு முரண் என்று ஒப்புக்கொண்டோம். அது தமிழில், தன் குடும்பத்தினருக்குக் காட்ட ஒரு சிறுவன் எழுதியது, யாரையும் நோக்கிய பரப்புரை அல்ல என்றும் எழுதினோம். அணிக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. அபராதம் இல்லை.

பெற்றோர் கூட்டம் ஒன்றும் போட்டோம். விதிகளைத் தமிழில் எழுதிப் படித்துக் காட்டி, இனியெஸ்டா காணொளியையும் போட்டோம். விதி சமயத்துக்கு எதிரி அல்ல என்பதற்கு, 2014-இல் ஹிஜாப்பும் தலைப்பாகையும் அதிகாரபூர்வமாக அனுமதிக்கப்பட்டதைச் சொன்னோம். பிறகு எங்கள் அணிக்கான வரையறையை வைத்தோம். உடலால் செய்வது அவரவர் உரிமை: சிலுவை அடையாளம் வரையலாம், மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், நெற்றியைத் தரையில் வைக்கலாம், மேன்செஸ்டர் யுனைடெட்டில் சிச்சாரித்தோ செய்ததுபோல் ஆட்டம் தொடங்குமுன் முழங்காலிட்டுக் கையேந்தலாம். ஆட்டத்தைத் தாமதப்படுத்தக்கூடாது. உடையில் எழுத்து எதுவும் கூடாது.

அந்த முஸ்லிம் பையன் பயிற்சியில் கோல் போட்டால் சாலா மாதிரியே தொழுவான் என்பதும், அதைப் பற்றி இதுவரை ஒரு பெற்றோரும் வாய் திறந்ததில்லை என்பதும் அந்தக் கூட்டத்தில்தான் பேச்சுக்கு வந்தது. கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நம் சொந்தக்காரன் வேறு சாமியைக் கும்பிடுவதுதான் உறுத்துகிறது, அடுத்தவன் தன் சாமியைக் கும்பிடுவது இல்லை. என் கணிப்பில் இந்தச் சண்டையின் வேர் அங்கேதான் இருந்தது.

கடினமான முடிவு சூடமும் திருநீறும். பயிற்றுநர் பல ஆண்டுகளாகச் சம்பளம் வாங்காமல் உழைப்பவர். நிறுத்தச் சொன்னால் அவர் மனம் உடையும், நிறுத்தவும் எங்களுக்கு விருப்பமில்லை. ஆகவே பூசையை ஆட்ட ஆலோசனைக்கு முன்னால் கொண்டுபோனோம், விரும்புபவர்களுக்கு மட்டும். ஆலோசனை முடிந்து எல்லாரும் தோள் சேர்ந்து வட்டமாக நின்று ஒரு நிமிடம் மௌனம். அவரவர் சாமியை அவரவர் நினைத்துக்கொள்ளலாம். பயிற்றுநர் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் செய்தார்.

காப்பு விவகாரம்

வரையறை போட்ட கையோடு அதற்கு ஒரு சோதனை வந்தது. அந்த ஆண்டு தைப்பூசம் பிப்ரவரி 11. பத்துமலையில் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்ட எங்கள் தற்காப்பு ஆட்டக்காரன் ஒருவன், காப்புக் கட்டி விரதத்தில் இருந்தான். விதி 4-இன்படி கயிறு, வளையம், சங்கிலி, ரப்பர் பட்டை எதுவும் கையில் கழுத்தில் இருக்கக்கூடாது. மேலே டேப் ஒட்டி மறைப்பதும் செல்லாது. முன்பெல்லாம் நடுவர்கள் கண்டுகொள்ளாமல் விடுவார்கள். இம்முறை விடவில்லை.

நேர்த்தி முடியும்வரை காப்பைக் கழற்ற முடியாது என்றான் பையன். கழற்று என்று நாங்களும் சொல்லவில்லை. விதியைத் தளர்த்தும்படி நடுவரிடம் வாதாடச் சொல்லி அவன் அப்பா கேட்டார். பனியனுக்கு விதியைக் காட்டிவிட்டுக் காப்புக்கு வளைக்க முடியாது என்று மறுத்தோம். அவன் அந்த ஆட்டம் முழுக்க வெளியே உட்கார்ந்தான். அது தண்டனை அல்ல, அவன் தேர்வு என்று பெற்றோர் குழுவில் அன்றே எழுதினோம். பனியன் விவகாரத்தில் கடுமையாக எழுதிய அப்பாக்களில் இவரும் ஒருவர். அவர் பிறகு என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் குழுவில் சமயம் பற்றி எழுதவில்லை.

பிறகு நடந்தது

ஒரு குடும்பம் பையனைக் கூட்டிக்கொண்டு வேறு அணிக்குப் போனது. அம்மாவைப் பற்றி எழுதியவர் மன்னிப்புக் கேட்டார், குழுவில் இருக்கிறார். அந்த அம்மா மட்டும் ஆட்டம் பார்க்க வருவதில்லை. வணிகர் ஜெர்சி கொடுத்தார், பயணச் செலவை நிறுத்திக்கொண்டார். அதைப் பெற்றோரிடமே ஆளுக்குக் கொஞ்சமாக வாங்கிச் சமாளித்தோம்.

பையன் தடை முடிந்து வந்து ஆடினான். கோல் போட்டால் சிலுவை அடையாளம் வரைந்துவிட்டு நடுக்கோட்டுக்கு ஓடிவிடுகிறான். தாத்தா எப்போதும்போல் வருகிறார். வீட்டில் அவர்களுக்குள் என்ன பேச்சு என்பது எங்கள் வேலையல்ல.

2025 அக்டோபரில் பெண்கள் கிரிக்கெட் உலகக் கிண்ண அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 127 ஓட்டம் எடுத்த இந்திய ஆட்டக்காரர் ஜெமிமா ரோட்ரிகஸ், இயேசுவுக்கு நன்றி சொன்னதற்காக இந்தியாவில் இணையத்தில் வசை வாங்கினார். அந்தச் செய்தி எங்கள் பெற்றோர் குழுவிலும் வந்தது. பாராட்டும் எரிச்சலுமாக இருவகைப் பதிலும் வந்தன. இம்முறை யாரும் யார் வீட்டையும் இழுக்கவில்லை.

அடுத்த பருவத்துக்கு மாற்றுவது

விதி 4-ஐயும் 12-ஐயும் பருவம் தொடங்கும் நாளிலேயே, பெற்றோரும் பையன்களும் சேர்ந்திருக்கப் படித்துக் காட்டுவோம். காப்பு, தாயத்து, சிலுவைச் சங்கிலி போட்டவர்கள் அன்றே சொல்லிவிட்டால், எந்த ஆட்டங்களுக்கு அவர்கள் இருக்கமாட்டார்கள் என்று முன்கூட்டியே அணியை அமைக்கலாம். தைப்பூச வாரத்தில் எங்கள் ஆட்டத்தைத் தள்ளி வைக்கும்படி ஏற்பாட்டாளருக்கு இப்போதே கடிதம் கொடுத்திருக்கிறோம்.

சர்ச்சையான ஆட்டம் என்றால் பெற்றோர் குழு அன்று மாலையே பூட்டப்படும், நடுவரின் காரணம் கைக்கு வந்த பிறகுதான் திறக்கப்படும். செந்தூல் விவகாரத்தில் நடுவரிடம் பேசியது மறுநாள். அந்த ஓர் இரவில்தான் எல்லாமே எழுதப்பட்டது.

சேர்க்கைப் பாரத்தில் புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறோம்: ஆட்டத்துக்கு முன் நடக்கும் பூசையில் உங்கள் பிள்ளை கலந்துகொள்ளலாமா, வேண்டாமா. இதுவரை வந்த பாரங்களில் இரண்டு கிறிஸ்துவக் குடும்பங்கள் ‘வேண்டாம்’ என்றும், ஓர் இந்துக் குடும்பம் ‘அவனையே கேளுங்கள்’ என்றும் எழுதியிருக்கின்றன.